தோப்புக்கு வந்த கார்டு வண்டி: எங்கிருந்து வேலையைத் தொடங்குவது?

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. மீட்டர் கேஜ் காலத்து நாலு சக்கர பிரேக் வேன் (கூட்ஸ் வண்டியின் கடைசியில் கார்டு ஏறி வரும் பெட்டி) ஒன்றைப் பழைய இரும்பு வியாபாரியிடம் வாங்கித் தோப்பில் இறக்கியிருக்கிறார். அவர் தாத்தா போத்தனூர் – திண்டுக்கல் லைனில் கார்டாக இருந்தவராம். வண்டி முழுக்க மணல் பீய்ச்சித் துருவை எடுத்துவிட்டு, தரைப் பலகையைக் கழற்றிச் செக்கர் பிளேட் (கோடு புடைத்த இரும்புத் தகடு) போட்டு, புது பெயின்ட் அடித்துவிடலாமா, எதை முதலில் செய்வது, யாரிடம் வேலையைக் கொடுப்பது என்று கேட்கிறார். ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் கேரேஜ் அண்டு வேகன் டிப்போவில் வேலை பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தம்பி, நீங்கள் நினைத்திருக்கும் மூன்றையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். மூன்றையும் செய்தால் பிரேக் வேன் மாதிரி ஒரு புதுப் பொருள் கிடைக்கும், உங்கள் தாத்தா ஏறி இறங்கிய வண்டி போய்விடும். என் வரிசை வேறு. முதலில் காகிதம், அடுத்து கூரை, அப்புறம் பதிவு, அதன்பின் கைபிரேக். பெயின்ட் கடைசி.

காகிதத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1966-ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டப்படி, ரயில்வே பொருள் உங்களிடம் இருந்து, அது திருட்டுப் பொருளோ என்று சந்தேகம் வந்தால், முறையாக வந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. கண்டம் செய்த, அதாவது இனி ஓடாது என்று கழித்த வண்டிகளை ரயில்வே ஏலத்தில்தான் விற்கிறது. வியாபாரி ஏலத்தில் எடுத்ததற்கான டெலிவரி ஆர்டரின் நகல், அவர் உங்களுக்குப் போட்ட பில், வண்டி எண் தெரியும்படி ஒரு போட்டோ, இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். பின்னால் தண்டவாளமோ ஆக்ஸில் பாக்ஸோ (அச்சின் முனை உட்காரும் பெட்டி) தேடி வாங்கும்போதும் இதே கதைதான். பில் இல்லாமல் யாராவது கொண்டுவந்து கொடுத்தால், எவ்வளவு மலிவு என்றாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது கூரை. பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் வரும், ஐப்பசியில் வடகிழக்கு மழை. காங்கேயத்திலோ தாராபுரத்திலோ பத்து வருஷம் வெயிலில் நின்ற வண்டி பிழைத்துக்கொள்ளும், உங்கள் ஊரில் அப்படி இல்லை. பழைய மர வேன்களின் கூரை என்பது பலகை வேய்ந்து, மேலே கித்தான் ஒட்டி, அதன்மேல் கெட்டியாகப் பெயின்ட் பூசியது. கித்தான் கிழிந்த இடத்தில் இறங்கும் தண்ணீர் அங்கேயே சொட்டாது. பலகை இடுக்கில் ஓடி, சுவர்த் தகட்டுக்குப் பின்னால் இறங்கி, கீழே தரை ஆங்கிளில் தங்கும். அதனால்தான் மேலே ஓட்டை இருக்க, துரு முழங்காலுக்குக் கீழே தெரிகிறது. கீழே தகடு மாற்றிவிட்டுக் கூரையை அப்படியே விட்டால், இரண்டு மழைக்காலத்தில் புதுத் தகடும் போய்விடும்.

இன்றைக்கே நல்ல தார்ப்பாய் ஒன்றைச் சவுக்குக் கம்பு வைத்துக் கொஞ்சம் தூக்கிக் கட்டுங்கள். வண்டியோடு ஒட்டிக் கட்டினால் உள்ளே வியர்த்துவிடும், காற்று ஓட வேண்டும். நிரந்தர வேலைக்கு, பழைய கித்தானை உரித்து, உளுத்த பலகையை மட்டும் மாற்றி, கெட்டிப் பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் புதுக் கித்தானை இழுத்துப் பரப்பி, ஓரத்தில் செம்பு ஆணி அடித்து, காயவிட்டு, மேலே பல கோட் பூச வேண்டும். இரண்டு ஆள் சேர்ந்து இழுக்காவிட்டால் சுருக்கம் விழும், சுருக்கத்தில் தண்ணீர் நிற்கும். கனமான பருத்திக் கித்தான் ஈரோடு, கரூர் பக்கம் தேடினால் கிடைக்கும். தகர ஷீட்டைப் பழைய கூரைமேல் கவிழ்த்து ஸ்குரூ போடச் சொல்பவர்கள் இருப்பார்கள். வேண்டாம். இடையில் சிக்கும் ஈரம் பலகையைத் தின்றுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

மூன்றாவதாகச் சொன்ன பதிவு வேலைக்குக் காசு ஆகாது. அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு போல்ட்டைக் கழற்றும் முன்பே உள்ளும் புறமும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு பலகைக்கும் எண் போட்டு அந்த எண்ணை ஒரு நோட்டில் வரைந்து வையுங்கள். அடிச்சட்டத்து இரும்புச் சேனலின் வெளிப்பக்கம், ஆக்ஸில் பாக்ஸ் மூடி, கமான் பட்டையின் (வில் பட்டை) கட்டு, பிரேக் கம்பியின் தலை, இங்கெல்லாம் வார்ப்பிலோ முத்திரையிலோ எழுத்தும் வருஷமும் இருக்க வாய்ப்பு உண்டு. பெயின்ட்டும் அப்படித்தான். கதவுக்குப் பக்கத்தில், வெயில் படாத ஒரு மூலையில், ஒரு ரூபாய் அகலத்துக்கு நனைத்த உப்புத்தாளால் வட்டமாகத் தேயுங்கள். மேல் கோட்டிலிருந்து கீழ் வரை ஒவ்வொரு நிறமும் வளையம் வளையமாகத் தெரியும். உங்கள் வண்டி எந்தக் காலத்தில் என்ன நிறத்தில் ஓடியது என்பதற்கு அதுதான் சாட்சி.

எழுத்தைப் படிக்கக் கொஞ்சம் வரலாறு கூட வேண்டும். இந்தப் பக்கத்து ரயில் 1862-லேயே போத்தனூர் வழியாக மேற்குக் கரைக்குப் போய்விட்டது, அது மெட்ராஸ் ரயில்வே. 1908-இல் ஜோலார்பேட்டைக்குத் தெற்கே இருந்த அதன் பாதைகள் தென்னிந்திய ரயில்வே (எஸ்.ஐ.ஆர்.) கைக்கு வந்தன. போத்தனூர் – பொள்ளாச்சி மீட்டர் கேஜ் லைன் 1915-இல் திறந்தது, பொள்ளாச்சி – திண்டுக்கல் 1928-இல். 1951 ஏப்ரல் 14-இல் மூன்று ரயில்வேக்களைச் சேர்த்துத் தெற்கு ரயில்வே ஆக்கினார்கள். ஆக, சேனலில் எஸ்.ஐ.ஆர். என்று மங்கலாகத் தெரிந்தால், அந்தச் சேனல் 1951-க்கு முந்தியது. மேலே இருக்கும் உடல் பின்னால் மாற்றியதாக இருக்கலாம். பெரிய ரிப்பேருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பணிமனையின் பெயரும் அடுத்து வர வேண்டிய தேதியும் எழுதுவார்கள். மணல் பீய்ச்சினால் இத்தனையும் ஒரே மதியத்தில் தூசியாகிவிடும். நான் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் தகடு. துரு தின்று மெலிந்த தகட்டில் மணல் பட்டால் சல்லடையாகும். மூன்றாவது காரணம் நுரையீரல். ஆற்று மணலைக் காற்றழுத்தத்தில் அடிக்கும்போது எழும் சிலிக்காத் தூசி திரும்பச் சரிசெய்ய முடியாத நோயைக் கொடுக்கும். போதாததற்கு, அந்தக் காலத்து அடிப்பூச்சில் ஈயச் செந்தூரம் இருக்கும். உலரவைத்துத் தேய்த்தாலும், கேஸ் டார்ச்சால் எரித்தாலும் அந்த ஈயம் மூச்சில் போகும். பிள்ளைகள் விளையாடும் தோப்பு அது, மண்ணில் விழுந்த தூசியும் அங்கேயே கிடக்கும். உடல் தகட்டை நனைத்து நனைத்துச் சுரண்டுங்கள், கீழே பாய் விரித்துச் சுரண்டலை அள்ளிப் பையில் கட்டுங்கள். துணி மாஸ்க் போதாது, ஃபில்டர் வைத்தது வேண்டும். அண்டர்ஃபிரேமுக்கு, அதாவது அடிச்சட்டத்துக்கு மட்டும், கனமான சேனல் என்பதால், தெரிந்த ஆள் காப்பர் ஸ்லாக்கோ (செம்பு உருக்கிய கசடு) ஸ்டீல் கிரிட்டோ (எஃகுத் துகள்) வைத்துப் பிளாஸ்டிங் செய்யலாம். முத்திரை இருக்கும் இடங்களை மூடிவிட்டுத்தான். அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும், ராத்திரி பனி பட்டால் மறுபடி துரு பூத்துவிடும்.

இனி கைபிரேக். எனக்கு இதுதான் வண்டியின் உயிர். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கூட்ஸ் வண்டியின் கடைசியில் கார்டு சும்மா உட்கார்ந்து வருவதில்லை. ஏற்றத்தில் கொக்கி விட்டு வண்டி இரண்டாகப் பிரிந்தால், பின்பாதி தானாகப் பின்னால் உருளத் தொடங்கும். அதை நிறுத்துவதற்குத்தான் அந்த வேனும், அந்தச் சக்கரமும், அதைச் சுற்றும் ஆளும். நின்றபிறகும் வேலை முடியாது. பின்னால் வேறு வண்டி வந்து மோதாமல் இருக்க, கார்டு கொடியோடு நடந்து போய்த் தண்டவாளத்தில் டெட்டனேட்டர் (சக்கரம் ஏறினால் வெடித்து எச்சரிக்கும் சின்ன வெடி) வைக்க வேண்டும். பிராட் கேஜில் 600 மீட்டரில் ஒன்று, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. மீட்டர் கேஜில் அது 400-ம் 800-ம். கிணத்துக்கடவு தாண்டி ராத்திரி இருட்டில் கைவிளக்கோடு அந்தத் தூரம் தனியாக நடந்திருக்கும் மனிதர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். 2022 ஜனவரியில் கார்டு பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் வைத்தார்கள். உங்கள் வேனில் கதவுமேல் பழைய எழுத்து கிடைத்தால், பழையபடியே எழுதுங்கள்.

கைச்சக்கரத்தைச் சுற்றினால், நடுத்தண்டில் இருக்கும் திருகு ஒரு நட்டை மேலே இழுக்கும். நட்டு ஒரு மடக்கு லீவரை அசைக்கும், லீவர் கம்பியை இழுக்கும், கம்பி வார்ப்பிரும்புப் பிரேக் கட்டையைச் சக்கரத்தில் அழுத்தும். உங்கள் வேனில் இது இறுகியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பைப் சொருகி நெம்ப வேண்டாம், திருகு முறுக்கிக்கொள்ளும் அல்லது கைச்சக்கரத்தின் ஆரம் உடையும். அது வார்ப்பிரும்பு, வளையாது. முதலில் திருகின் பள்ளத்தில் இருக்கும் மண்ணையும் காய்ந்த கிரீஸையும் பித்தளை பிரஷ்ஷால் எடுங்கள். டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்து ஊற்றி ஊறவிடுங்கள். தினமும் ஊற்றி, மரச் சுத்தியால் நட்டின் பக்கத்தில் லேசாகத் தட்டி, இரண்டு பக்கமும் ஒரு நூல் அளவு அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் அவசரப்பட்டு ஒரே பக்கம் சுற்றாதீர்கள். முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால், எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நட்டை மட்டும் மிதமாகச் சூடு பண்ணலாம். அந்த நட்டு கன் மெட்டலாக (செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம்) இருந்தால், இரும்பைவிட ஒன்றரை மடங்கு விரியும், அதனால் பிடி தளரும். திருகைச் சூடாக்கினால் நேர்மாறாக இன்னும் இறுகும்.

நட்டின் மரை தேய்ந்திருந்தால் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோங்கள். பம்ப் தொழில் இருக்கும் ஊர், கன் மெட்டல் வார்க்கவும் கடையவும் ஆள் இல்லாமல் போகாது. ஆனால் நட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். சதுர மரை, இஞ்சுக் கணக்கு. திருகையும் கையில் கொடுத்து, அதற்குப் பொருந்தும்படி கடையச் சொல்லுங்கள். வண்டியின் மற்ற போல்ட்டுகளும் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரையாக இருக்கலாம். அதன் மரைக் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் 60. புதுப் போல்ட்டைப் பழைய நட்டில் அடித்து ஏற்றினால் இரண்டும் வீண். பிரேக் கட்டை கெட்டிருந்தால் ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கத்து ஃபவுண்டரிகளில் வார்க்கலாம். பழைய கட்டையை அப்படியே மாதிரியாக வைத்து மண்ணில் பதித்தால் வரும் வார்ப்பு சிறிதாகத்தான் இருக்கும். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும், போதாததற்குப் பழையது தேய்ந்தும் இருக்கும். பேட்டர்ன் போடுபவரிடம் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேக்குவம் பிரேக்கை ஓடும் நிலைக்குக் கொண்டுவரத் தேவையில்லை, எஞ்சினே இல்லாமல் அது வேலை செய்யாது. அதற்காகச் சிலிண்டரைக் கழற்றி இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். குழாயில் காற்றை உறிஞ்சி வைத்திருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். காற்று உள்ளே புகுந்தால் பிஸ்டனைக் கீழிருந்து தூக்கிப் பிரேக் பிடிக்கும். கார்டு தன் பக்கத்து வால்வைத் திறந்தாலே வண்டி முழுக்கப் பிரேக் விழும் என்பது இதனால்தான். வருகிறவர்களுக்கு இதைக் காட்டிச் சொல்ல, வால்வும் கேஜும் அதனதன் இடத்தில் இருப்பதே போதும். பித்தளைச் சாமான் திருட்டுப் போயிருந்தால், அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். ஒப்புக்கு எதையாவது மாட்டினால், பார்க்கிறவர்கள் அதையே நிஜம் என்று நம்பிவிடுவார்கள்.

கைபிரேக் தினமும் வேலை செய்வதைப் பார்க்க ஆசையாக இருந்தால், மேட்டுப்பாளையத்துக்குப் போங்கள். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் போன அந்த மலை ரயிலில் இன்றும் ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார், எஞ்சின் விசிலுக்கு ஏற்பப் பிரேக் போடுகிறார். கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதையில் ஏறும்போது அந்தக் கைகளைக் கவனியுங்கள். உங்கள் வேனில் சக்கரம் எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் ஏன் இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

தரைப் பலகைக்கு வருவோம். தேக்கு என்றால் அதைக் கழற்றி எறிய மனசு வரவே கூடாது. ஆனைமலைத் தேக்கு ஒரு காலத்தில் பம்பாய்க் கப்பல் பட்டறைக்கும் அதன்பின் ரயில்வேக்கும் போனது, டாப்சிலிப்பில் மரத்தை மலையிலிருந்து சரித்துவிட்டுத்தான் கீழே கொண்டுவந்தார்கள். அந்த மலையைப் பார்த்தபடி இருக்கும் தோப்பில் தேக்கை எடுத்துவிட்டுச் செக்கர் பிளேட்டா? அதைவிட, இரும்புத் தகட்டுக்கு அடியில் வியர்வை கட்டும், கீழே குறுக்குச் சேனல் துருப்பிடிக்கும். ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் வராண்டாப் பக்கத்து முனைகள்தான் உளுத்திருக்கும். அந்த அளவுக்கு அறுத்து, ஒட்டுப்போட்டு, மற்றதை அப்படியே விடலாம். பழைய வீடு பிரித்த தேக்கு வாங்குங்கள், அது ஏற்கெனவே காய்ந்து நிலைத்த மரம். அடியில் தார்ப் பெயின்ட், மேலே லின்சீட் ஆயில், பலகைக்குப் பலகை சின்ன இடைவெளி, இவ்வளவுதான்.

தகட்டு வேலைக்கு ஆள் கேட்டீர்கள். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளிலும் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் இடங்களிலும் வயதான கைகளைத் தேடுங்கள். மரச்சட்டத்தில் தகடு ஏற்றிய அனுபவம் அவர்களுக்குத்தான் உண்டு. கமான் பட்டை கழற்றி அடுக்கவும் அவர்களே சரி. போனதுமே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: முழுத் தகட்டையும் மாற்றக் கூடாது, அழுகிய கீழ்ப்பட்டையை மட்டும் வெட்டி எடுத்துப் புதுப் பட்டை வைக்க வேண்டும். வெல்டிங்கை விட்டு விட்டு வைக்கச் சொல்லுங்கள், ஒரே ஓட்டமாக வைத்தால் தகடு அலையாக நெளியும். பின்னால் மரம் இருப்பதால் பக்கத்தில் ஒருவர் தண்ணீரோடு நிற்க வேண்டும், வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு தகடு சேரும் இடத்தில் துரு புடைத்து ரிவிட்டே தெறித்திருக்கும். துரு, தான் தின்ற இரும்பைப்போலப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அந்த இடத்தைப் பிரித்துச் சுத்தம் செய்யாமல் மேலே பட்டி பூசினால் ஒரு வருஷம்கூடத் தாங்காது.

சிறிய சாமான்களுக்கு, அதாவது கதவுக் கொண்டி, விளக்கு மாட்டும் கொக்கி போன்றவற்றுக்கு, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜர் வைத்துத் துரு எடுக்கலாம். சாமானை நெகட்டிவில் கட்டுங்கள், பாசிட்டிவில் பழைய இரும்புக் கம்பி. எவர்சில்வரை மட்டும் அங்கே வைக்காதீர்கள், நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். திறந்த வெளியில் செய்யுங்கள், ஹைட்ரஜன் வாயு வரும்.

பெயின்ட் தை, மாசியில். பங்குனி வெயிலில் தகடு சுடும், பூச்சு இழுக்கும் முன்பே காய்ந்துவிடும். காலைப் பனி முழுக்க உலர்ந்தபிறகு ஆரம்பித்து, மதியத்துக்குள் முடியுங்கள். அடிக்குச் சிங்க் பாஸ்பேட் பிரைமர், மேலே நல்ல எனாமல், நிறம் நீங்கள் தேய்த்துப் பார்த்த வளையம் சொல்லும் நிறம். மேட்டை, பள்ளத்தை எல்லாம் பட்டி போட்டு மழமழப்பாக்க வேண்டாம். ரிவிட்டின் தலைகள் தெரியட்டும்.

கடைசியாக, நிற்கும் இடம். மண்மேல் நிற்கும் வண்டிக்குச் சக்கரம் வழியாகவே கரையான் ஏறும். ஜல்லி கொட்டி, கட்டை போட்டு, தண்டவாளத்தின் உள்முகத்துக்கு உள்முகம் 1000 மில்லிமீட்டர் வைத்து, தண்ணீர் வடியும்படி ஒரு சின்னப் பாதை போடுங்கள், இரண்டு முனையிலும் தடை வையுங்கள். தென்னை மரத்துக்கு நேர் கீழே வேண்டாம், மட்டை விழுந்தால் கித்தான் கிழியும். கிரேன் சொல்லும்போது சேனலில் எழுதியிருக்கும் டேர் எடையை (வெறும் வண்டியின் எடை) பார்த்துச் சொல்லுங்கள். தூக்கும் முன் ஆக்ஸில் பாக்ஸைத் திறந்து பித்தளைத் தாங்கிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், இரும்புக் கடைக்கு வந்த வண்டியில் முதலில் காணாமல் போவது அவைதான். அவை இல்லாமல் இழுத்தால் ஆக்ஸிலின் கழுத்து கீறிவிடும். அந்தப் பாக்ஸ் மூடியில் என்ன எழுத்து இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். எந்த வருஷத்துச் சாமான், எது அசல், எது பின்னால் மாற்றியது என்று பார்த்துச் சொல்கிறேன்.